ஜோடி இல்லாத பெட்டி

போன மாதம் மாமாவை ஒரு ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். திருநெல்வேலி–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையில் பாயிண்ட்ஸ்மேனாக, அதாவது வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற ஆளாக இருந்தவர். வாசலில் நின்ற நீராவி எஞ்சினை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. உள்ளே ஒரு மூலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்த டோக்கன் கருவி இருந்தது. நேரே போய்க் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். பெயிண்டோடு இறுகிக் கிடந்தது. சுற்றுமுற்றும் தேடிவிட்டு, "எலே, இதுக்கு ஜோடி எங்க?" என்றார்.

ஜோடி இல்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை.

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அந்த டோக்கன் கருவி. அம்பாசமுத்திரத்தில் ஒரு கருவி, கல்லிடைக்குறிச்சியில் ஒரு கருவி, நடுவே கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து மணியடித்துக் கேட்க வேண்டும். அங்கே இருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்தால்தான் இங்கே கைப்பிடி முழுதாகத் திரும்பும், இரும்புக் குண்டு ஒன்று உருண்டு வெளியே விழும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு கருவியிலும் அடுத்த குண்டு வராது. குண்டைப் பைக்குள் போட்டு, பிரம்பு வளையத்தோடு தூக்கிப் பிடித்து, நிற்காமல் போகிற வண்டியின் டிரைவர் கையில் கோத்துவிட வேண்டும். ராத்திரி, மழை எல்லாம் கணக்கில்லை. மாமாவின் வலது தோள் இன்றைக்கும் சரியாகத் தூக்க வராது.

ஒற்றைக் கருவியை மட்டும் வைப்பது, உலக்கையை அடுப்பில் எரித்துவிட்டு உரலைக் காட்சிக்கு வைத்த கதை.

எஞ்சின் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் அதைப் பார்க்கத்தான் வருவார்கள். ஆனால் வெட்டவெளியில் நிறுத்தி, துருவின் மேலேயே வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்பதற்குப் பாதுகாப்பு என்று பேர் வைக்காதீர்கள். கொதிகலனைப் போர்த்திய தகட்டுக்குள் மழைத் தண்ணீர் இறங்கினால் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும். முதலில் கூரை போடுங்கள். கை வேலைக்கு இங்கே ஆளில்லாமல் இல்லை. 1855-இல் செய்த இ.ஐ.ஆர். (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21 என்ற நீராவி எஞ்சினை 2010-இல் மறுபடி ஓடவைத்தது நம்ம பெரம்பூர் லோகோ பணிமனைதான்.

எங்கள் பக்கம் 2012-இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வரை பிராட்கேஜ் என்கிற அகலப் பாதை வந்தது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 2018-இல். வேண்டியதுதான், சந்தோஷம். அப்புறம், அந்தக் கைகாட்டி மரங்கள், அதை இழுக்கிற லீவர்கள், அட்டை டிக்கெட்டில் தேதி குத்துகிற மெஷின் எல்லாம் எங்கே போச்சு? என் மகளுக்குக் காட்ட இந்த ஊர்ப் பக்கம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

தென்காசியிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரே ஓர் அறை போதும். எதிரெதிர்ச் சுவரில் இரண்டு கருவி, நடுவே கம்பி, ஒரு பேட்டரி. இந்தப் பக்கம் ஒரு பிள்ளை மணியடிக்கட்டும், அந்தப் பக்கம் இன்னொரு பிள்ளை பதில் சொல்லட்டும். எத்தனை மணிக்கு என்ன அர்த்தம் என்று சொல்லித்தர மாமா மாதிரி ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடுத்த வருஷம்கூடப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம், இவர்களை இந்த வருஷமே கூப்பிட்டாக வேண்டும்.

அப்படி ஓர் அறை வந்தால் வருவீங்களா என்று மாமாவிடம் கேட்டேன்.

"பஸ்ஸுக்குக் காசு குடுப்பாங்களாடே?" என்றார்.