தராசுக்கும் வாடிக்கையாளரே காசு தர வேண்டுமாம்!

பினாங்கு ஜோர்ஜ்டவுனில் மளிகைக்கடை நடத்தும் எனக்குச் சென்ற வாரம் கட்டட நிர்வாகம் ஒரு கடிதம் அனுப்பியது. எல்லாத் தண்ணீர் மீட்டர்களையும் மாற்றப் போகிறார்களாம். மாடியில் குடியிருப்போருக்கு இலவசமாம். கீழே கடை வைத்திருப்போர் மட்டும் மீட்டரின் விலையையும் பொருத்தும் கூலியையும் கட்ட வேண்டுமாம்.

என் கடையில் செலவாகும் தண்ணீர் ஒரு கழிப்பறைக்கும், கை கழுவும் தொட்டிக்கும், மாலையில் தரை துடைக்கும் இரண்டு வாளிக்கும்தான். மாடியில் நாள் முழுதும் துணி துவைக்கும் இயந்திரம் ஓடுகிறது. ஆனாலும் பெயர்ப்பலகை மாட்டியவன் என்பதால் நான் பணக்காரன்!

2023 ஜனவரியில் வீடல்லாத பயனீட்டாளர்களுக்கான தண்ணீர்க் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரியாக 25 காசு உயர்ந்தபோது நான் முணுமுணுக்கவில்லை. வீடுகளுக்கு அதற்கு ஓராண்டு கழித்து, 2024 பிப்ரவரியில்தான் உயர்ந்தது, அதையும் பொறுத்துக்கொண்டேன். தண்ணீர் நான் வாங்கும் சரக்கு. மிளகாய் விலை ஏறுவதுபோல் அதன் விலையும் ஏறலாம்.

மீட்டர் சரக்கன்று, விற்பவரின் தராசு. 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, என் தராசை ஆண்டுதோறும் என் கைக்காசில் சோதித்து முத்திரை பெறுகிறேன். அரைக் கிலோ பருப்பு கேட்கும் அக்காவிடம் தராசுக்குத் தனியாக ஒரு வெள்ளி கேட்டால், அவர் பையை என் முகத்தில் வீசிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். எனக்குத்தான் தண்ணீர் வாங்க அடுத்த கடை இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், ஓடித் தேய்ந்த மீட்டர் பெரும்பாலும் குறைத்தே காட்டும். சொட்டுச் சொட்டாகப் போகும் நீருக்கு அதன் சக்கரம் அசையவே அசையாது. கட்டடம் முழுவதற்கும் வரும் தண்ணீரை அளக்க வாசலிலுள்ள பெரிய மீட்டர் காட்டும் அளவுக்கும் எங்கள் சிறு மீட்டர்களின் கூட்டுத்தொகைக்கும் இடையே விழும் வித்தியாசத்தை இத்தனை நாளும் நிர்வாகம்தான் சுமந்தது. ஆக, புது மீட்டரால் நட்டம் நீங்குவது அவர்களுக்கு, பில் ஏறுவது எனக்கு, அந்த மீட்டரை வாங்கிக் கொடுப்பதும் நானே.

பெரிய மீட்டர், சிறு மீட்டர்கள் இரண்டின் கணக்கையும் ஓராண்டுக்குக் காட்டுங்கள் என்று எழுத்தில் கேட்டேன். நேற்று பதில் வந்தது: அதே கடிதம், ஒரு வரிகூட மாறாமல், மேலே மட்டும் 'இரண்டாவது நினைவூட்டல்' என்ற சிவப்பு முத்திரையோடு.