விற்பனைக் கணக்கே, நீ எப்போதுதான் பூஜ்யம் ஆவாய்?

காலாண்டு முடிந்தால் எல்லோருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் தலைவலி. கணக்கை மூடும் வேலை என்னவோ சின்னதுதான். விற்பனை போன்ற வருவாய்க் கணக்குகளில் வரவு (வலப்பக்க) இருப்பு இருக்கும், அதே தொகைக்கு அவற்றைப் பற்று (இடப்பக்கம்) வைத்து, லாப நட்டக் கணக்கில் வரவு வைத்தால் முடிந்தது, அடுத்த காலம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பாடப் புத்தகத்தில் இரண்டே வரி! நிஜத்தில், இந்த முடிவுப் பதிவுகளைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்று எழுந்த பிறகுதான் ஒருவர் வந்து, "இந்த பில் போன மாதத்துது, விட்டுப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே நீட்டுவார். அப்புறம் என்ன, மூடியதைத் திறந்து, பதிவை மாற்றி, மறுபடி மூட வேண்டியதுதான்.

இதில் விற்பனைத் திருப்பம், அதாவது வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்கின் கணக்கு, தனிக் கொடுமை. அது வருவாயைக் குறைக்கும் எதிர்க் கணக்கு, பற்று இருப்பு உள்ளது, அதை வரவு வைத்துத்தான் மூட வேண்டும். அவசரத்தில் அதையும் சேர்த்துப் பற்று வைத்தால் இருப்பு இரட்டிப்பாகி நிற்கும். வாடிக்கையாளர் தந்த முன்பணத்தை வருமானத்தில் எழுதி வைக்கும் புண்ணியவான்களைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது பொறுப்புங்க, அதாவது நாம் தீர்க்க வேண்டிய கடன், பொருளைக் கொடுக்கும்வரை நம் காசு இல்லை!

நேற்று இருப்பாய்வில், அதாவது மொத்தப் பற்றும் மொத்த வரவும் சமமா என்று பார்க்கும் பட்டியலில், 63 வித்தியாசம். இரண்டு இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபடும்; இதுவும் வகுபடுகிறதே, இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று தேடினால், 81 என்பதை யாரோ 18 என்று எழுதியிருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான்.