யாருடைய பத்து மணி?

எங்கள் பள்ளிக்கூட பட்ச் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒருவன் நீளமாக எழுதியிருந்தான். அந்த நாளில் பட்ட கஷ்டம்தான் எங்களை ஆளாக்கியதாம். பிரம்படிக்கு நன்றி, வேனுக்கு நன்றி, வெயிலில் நின்ற காலைக் கூட்டத்துக்கு நன்றி. கீழே வரிசையாகக் கைகூப்புகள். நான் கூப்பவில்லை.

பிரம்படியால் நான் அறிந்தது ஒன்றே ஒன்று: பிரம்பு இறங்கும்போது கையையும் கொஞ்சம் கீழே இறக்கினால் நோவு குறையும். அதைப் பௌதிகவியல் டீச்சர் அடிக்காமலே சொல்லித் தந்திருப்பார்.

வேனும் அப்படித்தான். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. காலையில் முதலில் ஏறுவதும் நான், மத்தியானம் கடைசியில் இறங்குவதும் நான். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று காலி வீதி முழுக்கப் பிள்ளைகளை அள்ளி அடைத்துக்கொண்டு போவார் வேன் அங்கிள். யாருடைய தண்ணீர்ப் போத்தலோ தினமும் என் மடியில்தான் ஒழுகும். அதனால் பொறுமை வந்தது என்று சொன்னால் அம்மாவே சிரிப்பார். உட்கார்ந்தபடி தூங்கத் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் ஓர் எரிச்சலுக்கு மட்டும் நான் கடன்பட்டிருக்கிறேன். அது கடிகாரம்.

1996இல் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது நாடு. அப்போது நான் ஆறாம் ஆண்டு. மே மாதம் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நாட்டின் நேரத்தையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அதில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். மற்றப் பாதி 2006 ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் நான் உயர்தரப் பரீட்சையும் முடித்து பள்ளிக்கூடத்தை விட்டுப் போயாகிவிட்டது. அத்தனை வருடமும் இருட்டில் எழும்பி, இருட்டில் பல் தீட்டி, சப்பாத்து இடது எது வலது எது என்று தடவிப் பார்த்துப் போட்டவர்கள் நாங்கள்.

அம்மம்மா மட்டும் மசியவில்லை. "சூரியனுக்கு ஆர் போய்ச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு, தன் டைம்பீஸைத் தொடவே விடவில்லை. எங்கள் வீட்டில் குசினிச் சுவரில் ஒரு நேரம், அம்மம்மாவின் தலைமாட்டில் இன்னொரு நேரம். அதைப் பார்த்து ஒரு நாள் வேனைத் தவறவிட்டேன். "இன்னும் நேரம் கிடக்கு, ஆறுதலாச் சாப்பிடு" என்று சொன்னவர் அவர்தான். பள்ளிக்கூடத்தில் வாசலுக்கு வெளியே நின்றவன் நான்.

அது எங்கள் வீட்டுக் கூத்து மட்டும் இல்லை. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலும் பழைய நேரமே ஓடியது. 2002இல் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்து நாங்கள் வடக்கே போனபோது, ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கையிலிருந்த மணிக்கூடு அரை மணித்தியாலம் பொய் சொல்லத் தொடங்கியது. கிளிநொச்சியில் மாமா "பத்து மணிக்கு வாங்கோ" என்றார். "பழைய பத்தா, புதுப் பத்தா?" என்று அம்மா கேட்டார். எனக்கு அப்போது பதினேழு வயது. அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னோடு அலுவலகத்துக்கு வருகிறது. யாராவது ஒரு தொகையையோ திகதியையோ உறுதியாகச் சொன்னால், இது யாருடைய மணிக்கூட்டில் பார்த்தது என்றுதான் முதலில் தோன்றும். கூட்டங்களில் இதற்காக என்னைப் பலருக்குப் பிடிக்காது. சரி, பரவாயில்லை.

இதே சந்தேகத்தின் மற்றப் பாதி ஒரு பழைய கணிதப் புத்தகத்திலிருந்து வந்தது. 1980இலிருந்து இந்த நாட்டில் பாடநூல் இலவசம், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் போன வருடத்துப் பிள்ளை பாவித்துத் திருப்பிக் கொடுத்த புத்தகம் எப்படியோ எனக்கென்று வந்துவிடும். பாரதியாருக்கு மூக்குக்கண்ணாடி, முக்கோணத்துக்கு மீசை, பயிற்சிகளுக்கெல்லாம் பென்சிலால் விடை. நல்ல அழகான எழுத்து. அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று இருந்தது. அழகான எழுத்துக்காரன் பிழைவிடுவானா? அப்படியே கொப்பியில் ஏற்றினேன். கணித சேர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்தப் பிழையைப் போன வருஷமே திருத்திட்டேனடா" என்றார். வகுப்பு சிரித்து முடிய ஒரு பாடவேளை போனது.

ஆனாலும் இதற்காக நன்றிப் பதிவு போட மாட்டேன். புதுப் புத்தகம் கிடைத்தவர்களும் பின்னங்களைச் சரியாகத்தான் கூட்டுகிறார்கள். கஷ்டப்பட்ட பிள்ளை எதையாவது பொறுக்கிக்கொண்டு வருவது அதன் கெட்டித்தனம். அதற்காகக் கஷ்டத்துக்கு மாலை போடுவானேன்?

இந்த வருடம் மகளுக்கும் ஒரு பழைய புத்தகம் வந்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என் கதையைச் சொல்ல வாய் எடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். இருவருமாக இருந்து பென்சில் விடைகளை அழித்தோம். பாதிப் பக்கத்தில் அவள் கையை நிறுத்தினாள்.

"அப்பா, இது சரியாத்தான் செய்திருக்கு. இதையும் அழிக்கோணுமா?"