கையெழுத்துத் திரட்டினால் பொலிஸ் பதவி உயர்வு கிடைக்குமா?

"தமிழ்க் கான்ஸ்டபிளுக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டால், தோட்ட மக்கள் கையெழுத்துத் திரட்டிப் பொறுப்பதிகாரியிடம் கொடுத்தாலே போதும்" என்று மலையகத்தில் பகிரப்படும் செய்தி தவறு. பொறுப்பதிகாரிக்கு அந்த அதிகாரமே இல்லை. இலங்கை அரசியலமைப்பின்படி அது தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுடையது.

லயம் லயமாகக் கையெழுத்து வாங்குவதற்குள் காலக்கெடு போய்விடும், அதுதான் பெரிய கேடு. பாகுபாட்டால் பதவி உயர்வு மறுக்கப்பட்டிருந்தால், அடிப்படை உரிமை மனுவைப் பாதிக்கப்பட்டவரோ அவரது சட்டத்தரணியோ, மறுக்கப்பட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் (கண்டியிலும் பதுளையிலும் அலுவலகம் உண்டு) முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது. விசாரணை நடப்பதற்கான கடிதத்தையும் வாங்கி வையுங்கள்.

ஊராருக்கும் வேலை உண்டு: 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நேர்முகத் தேர்வின் புள்ளித் திட்டத்தைத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.