மாப்பிள்ளைக்குச் சாளையா?

(குளச்சல். கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டு. ஐப்பசி மாதக் காலை. கோயம்புத்தூர் நூற்பாலை ஒன்றில் கணக்கு எழுதும் மாப்பிள்ளை, ராத்திரி பஸ் பிடித்துத் தனியாக வந்து இறங்கியிருக்கிறார். சட்டைப்பையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. அத்தை தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை. அவர் தேங்காயிடம் பேசுவார், இவர் கிணற்றிடம் பேசுவார். இந்த ஊரில் நெய்மீன் என்றால் வஞ்சிரம், சாளை என்றால் மத்தி.)

அத்தை: மீன்காரியிடம் நெய்மீன் சொல்லி வைத்திருக்கிறேன் மாப்பிள்ளை. நடுத்துண்டாக வெட்டித் தருவாள். பொரிக்கவா, குழம்பு வைக்கவா?

மாப்பிள்ளை: இந்த முறை நெய்மீன் வேண்டாம் அத்தை.

அத்தை: ஐயோ, என்ன குறை? போன தடவை உப்பு கூடிவிட்டதா? அன்றைக்கே என் மகளிடம் சொன்னேன்.

மாப்பிள்ளை: ஒரு குறையும் இல்லை. டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்குச் சாளை வேண்டும்.

(துருவல் நிற்கிறது.)

அத்தை: மெதுவாகப் பேசுங்கள், அடுத்த வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வந்த மாப்பிள்ளைக்குச் சாளை வைத்தேன் என்று வெளியே தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை நான் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்?

மாப்பிள்ளை: மருந்துக்காகக் கேட்கிறேன்.

அத்தை: மருந்தென்றால் மருந்துக்கடையில் கிடைக்காதா?

மாப்பிள்ளை: கிடைக்கிறது. மீன் எண்ணெய் மாத்திரை. விழுங்கி அரை மணி நேரம் ஆனால் ஏப்பம் வரும். நான் ஏப்பம் விட்டதும் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து போய் ஜன்னலைத் திறக்கிறார். ருசியும் இல்லை, வயிறும் நிறையவில்லை, நாற்றம் மட்டும் மிச்சம்.

அத்தை: சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

மாப்பிள்ளை: டிரைகிளிசரைடு 290. 150-க்குக் கீழே இருக்க வேண்டுமாம்.

அத்தை: (தேங்காயிடம்) படிக்கிற காலத்தில் வாங்கியிருக்க வேண்டிய மார்க்.

மாப்பிள்ளை: என்ன சொன்னீர்கள்?

அத்தை: தேங்காய் முற்றல் என்றேன். டாக்டர் வேறென்ன சொன்னார்?

மாப்பிள்ளை: இனிப்பைக் குறை, சோற்றைக் குறை, வாரத்தில் இரண்டு நாளாவது கொழுப்புள்ள மீன் சாப்பிடு என்றார்.

அத்தை: ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது என்று போனவரிடம் கொழுப்புள்ள மீனைச் சாப்பிடச் சொன்னாரா? படித்த டாக்டர்தானே?

மாப்பிள்ளை: அது வேறு கொழுப்பு அத்தை. ஒமேகா-3. அது உள்ளே போனால் ஈரல் இந்தக் கொழுப்பை உண்டாக்கி ரத்தத்தில் விடுவது குறையும். சாளையில் அது நிறைய இருக்கிறதாம். போதாததற்கு வைட்டமின் டி, பி-12, முள்ளோடு மென்றால் கால்சியம்.

அத்தை: அவ்வளவும் இருக்கிறதென்றால் சாப்பிட வேண்டியதுதானே? அங்கே சாளை கிடைக்கவில்லையா?

மாப்பிள்ளை: கிடைக்கிறது. வாங்கிச் சாப்பிட்டும் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பிடிக்க வைத்துக்கொள்ளத்தான் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

(ஒரு மனிதர் மீனைப் பிடிக்க விடுப்புப் போடுவது உலகத்தில் நடப்பதுதான். மீன் தனக்குப் பிடித்துப்போவதற்காக விடுப்புப் போட்டவரை அத்தை இப்போதுதான் பார்க்கிறார். முதல் தடவையாகக் கண்ணை உயர்த்தி நேராகவே பார்க்கிறார்.)

அத்தை: சரி, கேட்கிறேன், சொல்லுங்கள். வாங்கிய மீனின் கண் எப்படி இருந்தது?

மாப்பிள்ளை: மீனின் கண்ணை நான் எதற்குப் பார்க்கிறேன்?

அத்தை: வேறு எதைப் பார்த்து வாங்கினீர்கள்?

மாப்பிள்ளை: விலையை.

அத்தை: செவுள்?

மாப்பிள்ளை: பழுப்பாக இருந்ததாக ஞாபகம்.

அத்தை: வயிறு?

மாப்பிள்ளை: கொஞ்சம் வெடித்திருந்தது. எல்லா மீனும் அப்படித்தான் இருந்தது. அதுதான் அந்த மீனின் அடையாளம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அத்தை: மாப்பிள்ளை, நீங்கள் சாப்பிட்டது சாளை இல்லை. சாளையின் பதினாறாம் நாள் சாப்பாடு. உடம்பெல்லாம் நெய் உள்ள மீன், பொழுது சாய்ந்தால் காறிப்போகும். கரையில் வாங்கி அன்றைக்கே சட்டியில் ஏற்ற வேண்டும். ஐஸ் பெட்டியில் மலை ஏறி, மலை இறங்கி வந்ததைத் தின்றுவிட்டு மீன்மேல் பழி போடலாமா?

(வெளியே மீன்காரியின் குரல். அத்தை பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறார். வாசலில் நீண்ட பேரம் நடக்கிறது. திரும்பி வரும்போது பெட்டியின் மேல் நெய்மீன் துண்டுகள் ஊருக்கே தெரியும்படி இருக்கின்றன. அதற்கு அடியில் வாழையிலை, இலைக்கு அடியில் சாளை.)

மாப்பிள்ளை: நெய்மீன் வேண்டாம் என்றேனே அத்தை?

அத்தை: அது உங்களுக்கு இல்லை, தெருவுக்கு. இங்கே வாருங்கள். இப்போது கண்ணைப் பாருங்கள்.

மாப்பிள்ளை: பளபளவென்று இருக்கிறது. என்னைப் பார்க்கிற மாதிரியே இருக்கிறது.

அத்தை: செவுளைத் தூக்குங்கள். சிவப்பாக இருக்கிறதா? வயிற்றை அமுக்குங்கள். விறைப்பாக இருக்க வேண்டும். மோந்து பாருங்கள்.

மாப்பிள்ளை: அத்தை, அது மட்டும்...

அத்தை: மோந்து பாருங்கள் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: (மூச்சை இழுத்து) கடல் வாசனைதான் வருகிறது. நாற்றம் இல்லையே!

அத்தை: புரட்டாசி கழிந்தால் சாளைக்கு நெய் வைத்துவிடும். நல்ல நேரத்தில்தான் உங்கள் ரத்தம் கெட்டிருக்கிறது. பிடியுங்கள், இப்படித் தலையைக் கிள்ளி, குடலோடு சேர்த்து இழுக்க வேண்டும்.

மாப்பிள்ளை: நானா?

அத்தை: நெய்மீனுக்குத்தான் நீங்கள் மாப்பிள்ளை. சாளைக்கு எல்லாரும் ஒன்றுதான்.

(மாப்பிள்ளை முதல் மீனின் தலையைக் கிள்ளுகிறார். குடல் வராமல் தலை மட்டும் வருகிறது. இரண்டாவதில் குடல் வந்து சட்டையில் விழுகிறது. அதற்குப் பிறகு கை தானாகப் பழகுகிறது. கல்லுப்புப் போட்டுக் கருங்கல்லில் உரச, வெள்ளிச் செதில் முழங்கைவரை ஒட்டுகிறது.)

மாப்பிள்ளை: பஸ்ஸில் வரும்போது படித்தேன் அத்தை. மீன் செத்த பிறகு அதன் உடம்பில் அமீன் என்று ஒன்று உண்டாகிறதாம். அதுதான் நாற்றம். புளிப்பான பொருளைச் சேர்த்தால் அது அடங்கிவிடுமாம்.

அத்தை: அதற்குப் புத்தகம் போட்டிருக்கிறார்களா? மாங்காயும் புளியும் பிறகு எதற்குப் போடுகிறோம், அழகுக்கா?

மாப்பிள்ளை: இன்னொன்றும் படித்தேன். பெரிய மீன் சின்ன மீனைத் தின்று வளர்வதால் அதன் உடம்பில் பாதரசம் சேருமாம். சாளை கடலில் மிதக்கிற நுண்ணுயிர்களைத் தின்கிறது, ஆயுளும் இரண்டு மூன்று வருடம்தான். அதனால் அதில் பாதரசம் மிகக் குறைவாம்.

அத்தை: பெரிய மீன் என்றால்?

மாப்பிள்ளை: நெய்மீன் மாதிரி.

அத்தை: (கையை உதறி) இத்தனை வருடமும் மரியாதை என்று நினைத்து உங்களுக்குப் பாதரசமா போட்டேன்?

மாப்பிள்ளை: அப்படிப் பயப்பட வேண்டியதில்லை அத்தை. எப்போதாவது சாப்பிடலாம்.

அத்தை: நீங்களே எப்போதாவதுதானே வருகிறீர்கள்.

(இது பாசமா குற்றச்சாட்டா என்று மாப்பிள்ளை கிணற்றைப் பார்த்து யோசிக்கிறார். கிணறு பதில் சொல்லவில்லை.)

மாப்பிள்ளை: ஆனால் சாளையை ஏன் இவ்வளவு மட்டமாக நினைக்கிறீர்கள்?

அத்தை: கொட்டிக் கிடந்த மீன் மாப்பிள்ளை. என் அப்பா காலத்தில் சாளை ஏராளமாகப் பட்டால் காய்ச்சி எண்ணெய் எடுத்து வள்ளத்துக்குப் பூசுவார்கள். மிச்சத்தைத் தென்னைக்கு உரமாகப் போடுவார்கள்.

மாப்பிள்ளை: உரமாகவா? அதையா நான் சாப்பிடப் போகிறேன்?

அத்தை: தென்னைக்குப் போட்டால் குலை தள்ளுகிறது. மாப்பிள்ளைக்குப் போட்டால் கொழுப்பு இறங்காதா?

மாப்பிள்ளை: பிறகு நிலைமை மாறியது. 2012-இல் கேரளத்தில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடித்தார்களாம். 2021-இல் மூவாயிரத்துச் சொச்சம் டன்தான் கிடைத்ததாம்.

அத்தை: டன் கணக்கு எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் மீன்காரி கடவத்தில் மிஞ்சிய சாளையைச் சும்மா போட்டுவிட்டுப் போவாள். நடுவில் சில வருடம், தலைக்கு இரண்டு மீன் என்று எண்ணிக் குழம்பு வைத்தேன். அது தெரியும்.

(சமையல் தொடங்குகிறது. மண்சட்டியில் சாளை, மாங்காய்த் துண்டு, கீறிய முருங்கைக்காய். மேலே தேங்காய், மிளகாய், மஞ்சள், சின்ன உள்ளி சேர்த்து அரைத்த விழுது. மாப்பிள்ளை கரண்டியை எடுக்கிறார்.)

அத்தை: கரண்டியைக் கீழே வையுங்கள்! சாளைச் சட்டியில் கரண்டி போட்டால் கூழாகிவிடும். இரண்டு பக்கமும் துணியால் பிடித்துச் சட்டியைச் சுழற்றுங்கள். அப்படித்தான். நூல் சுற்றுகிற ஊர்க்காரருக்கு இது வராமல் போகுமா?

மாப்பிள்ளை: பொரிக்கவில்லையா அத்தை? பொரித்தால் முள் தெரியாதே.

அத்தை: ஊற்றுகிற எண்ணெயையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுவீர்களா? அவியல்தான்.

(இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு சுற்று. மாப்பிள்ளை வாயைத் திறக்கிறார். அத்தை பார்த்த பார்வையில் மூடிக்கொள்கிறார்.)

மாப்பிள்ளை: மாமாவைக் கூப்பிடவா?

அத்தை: வேண்டாம். அவருக்கு யூரிக் அமிலம். கால் பெருவிரல் வீங்கிப் போன மாதம் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. சாளை அவருக்கு ஆகாது. வாசனைக்கு மட்டும் முன்திண்ணையில் இருக்கிறார். பாருங்கள், நாற்காலி அடுக்களைப் பக்கம் நகர்ந்துகொண்டே வருகிறது.

(இலை போடுகிறார். அவித்த மரச்சீனிக்கிழங்கு இரண்டு துண்டு, நான்கு சாளை.)

மாப்பிள்ளை: அத்தை, முள்... தொண்டையில் மாட்டினால்?

அத்தை: கேளுங்கள். முதுகில் விரலால் ஒரு கோடு இழுங்கள். மேல் பாதிச் சதையைத் தள்ளி எடுங்கள். ஆயிற்றா? இப்போது வாலைப் பிடித்துத் தூக்குங்கள்.

மாப்பிள்ளை: சீப்பு மாதிரி மொத்தமாக வருகிறதே!

அத்தை: அதை ஓரமாக வையுங்கள். வயிற்றுப் பக்கச் சின்ன முள் இருந்தால் இருக்கட்டும். மென்றால் தெரியாது. நீங்கள்தானே கால்சியம் என்றீர்கள். மாங்காயோடு சேர்த்துக் கிழங்கில் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போடுங்கள்.

(மாப்பிள்ளை கண்ணை மூடுகிறார். மெல்கிறார். முகத்தில் முதலில் சந்தேகம், பிறகு கணக்கு, பிறகு ஒன்றுமே இல்லை. அடுத்த வாய்க்குக் கண்ணைத் திறந்தே சாப்பிடுகிறார்.)

அத்தை: எப்படி இருக்கிறது?

மாப்பிள்ளை: பிடிக்கிறது என்று சொல்ல முடியாது.

அத்தை: மூன்றாவது மீன் போய்க்கொண்டிருக்கிறது.

மாப்பிள்ளை: பழகிப் பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் கிழங்கு...

அத்தை: கிழங்கு தரமாட்டேன். மாவுப் பண்டம் உங்களுக்கு ஆகாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? மீன் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

மாப்பிள்ளை: அப்படியென்றால் மீனே வையுங்கள்.

(சட்டி சாய்கிறது. பிறகு இன்னும் சாய்கிறது. அத்தை சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எழுந்து பின்கதவைச் சாத்துகிறார்.)

மாப்பிள்ளை: சட்டியில் இருந்தது அவ்வளவுதானா? உங்களுக்கு?

அத்தை: இருக்கட்டும் மாப்பிள்ளை. டாக்டர் உங்களுக்குத்தானே எழுதிக் கொடுத்தார்.

மாப்பிள்ளை: மன்னித்துவிடுங்கள் அத்தை. நெய்மீன் இருக்கிறதே, அதைப் பொரித்துச் சாப்பிடுங்கள்.

அத்தை: அதையா? எனக்கு வேண்டாம்.

மாப்பிள்ளை: ஏன்?

அத்தை: அதில் என்ன ருசி இருக்கிறது? கட்டை. நான் நெய்மீன் தின்பதே இல்லை.

மாப்பிள்ளை: பிறகு ஒவ்வொரு தடவையும் எனக்கு அதையே வைத்தீர்களே?

அத்தை: உங்களுக்குப் பிடிக்கும் என்று மகள் சொன்னாள்.

மாப்பிள்ளை: நீங்கள் ஆசையாக வாங்குகிறீர்கள், வேண்டாம் என்றால் வருத்தப்படுவீர்கள் என்று அவள்தான் என்னிடம் சொன்னாள்.

(இருவரும் ஒரே நேரத்தில் கோயம்புத்தூர் இருக்கும் திசையைப் பார்க்கிறார்கள்.)

அத்தை: அவளுக்கு நெய்மீன் என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர்.

மாப்பிள்ளை: சனிக்கிழமை வருகிறாள். இந்த மீன் அதுவரை தாங்குமா?

அத்தை: எதற்குத் தாங்க வேண்டும்? அடுத்த வீட்டில் நாளைக்கு மாப்பிள்ளை வருகிறார். அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன்.