மணி சுற்றுவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், எங்கள் நாய் மணி தன் வாலைத் துரத்திச் சுற்றியதைக் கைப்பேசியில் காணொளி எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இரவுக்குள் சிரிக்கும் முகங்கள் வரிசை கட்டிவிட்டன. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் படத்தை மறுபடி பாருங்கள். காதுகள் பின்னால் ஒட்டியிருக்கின்றன. கண்ணின் வெள்ளை தெரிகிறது. வாய் இறுக மூடியிருக்கிறது. பின்னணியில், பழைய சாமான் வாங்கும் காரங்கூனிக்காரரின் ஹாரன் ஒலி. அவன் விளையாடவில்லை, பயந்துபோயிருக்கிறான்.

மணி, சிங்கப்பூரின் சுங்கை காடுட் தொழிற்பேட்டைப் பக்கம் பிடிபட்ட உள்ளூர்க் கலப்பினம். இரண்டு ஆண்டுகள் காப்பகத்தில் இருந்துவிட்டு, நான்கு மாதங்களுக்கு முன், இத்தகைய நாய்களை அடுக்குமாடி வீடுகளில் தத்தெடுக்க அனுமதிக்கும் அடோர் திட்டத்தின் கீழ் எங்கள் ஈசூன் வீட்டுக்கு வந்தான். 2012இல் அந்தத் திட்டம் தொடங்கும்வரை இவனைப் போன்ற நாய்களுக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இடமே இல்லை. 2020இல் எடை வரம்பை நீக்கி, உயர வரம்பை 50 சென்டிமீட்டரிலிருந்து 55க்கு உயர்த்தினார்கள். மணியின் உயரம் 52. அந்த இரண்டு சென்டிமீட்டருக்காக நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

வந்த முதல் வாரம் அவன் சுற்றவே இல்லை. சோபாவுக்குப் பின்னால் அசையாமல் கிடந்தான். "எவ்வளவு சாதுவான பிள்ளை" என்றார் அம்மா. அது சாது அல்ல, அச்சத்தில் உறைந்துபோன நிலை என்பது பின்னர்தான் புரிந்தது. மூன்றாவது வாரம் கொஞ்சம் தைரியம் வந்தபோதுதான் சுற்றலும் வந்தது, முன்னங்காலை ஓயாமல் நக்குவதும் வந்தது. தத்தெடுத்த பலர் திணறும் இடம் இதுதான். வந்தபோது நல்ல நாய், இப்போது கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நாய் புது வீட்டுக்குப் பழக மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது பொறுமைக்கு ஓர் அளவுகோல், அவ்வளவுதான். நாய் நாட்காட்டி பார்த்துத் தேறுவதில்லை.

பக்கத்து வீட்டு அங்கிள் செய்தித்தாளைச் சுருட்டி ஓர் அடி போடச் சொன்னார். நான் ஒருபோதும் செய்ய மாட்டேன். குறுகிய கூண்டில் அடைபட்ட விலங்குக்குச் சுற்றுவது ஒன்றுதான் செய்ய முடிந்த நடமாட்டம். அதைச் செய்தே மணி காப்பக நாட்களைக் கடந்திருக்கிறான் என்று நான் நம்புகிறேன். இப்போது பயம் வரும்போதும் அதையே செய்கிறான். அடித்தால் பயம் இரட்டிப்பாகும், சுற்றலும் கூடும். சிரித்துப் பெயர் சொல்லி அழைத்தாலும் ஆபத்துதான். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்பதே சில நாய்களுக்குப் பரிசாகிப் பழக்கம் வேரூன்றிவிடும்.

முதலில் விலங்கு மருத்துவரிடம் போனோம். மனம் என்று முடிவு கட்டுவதற்கு முன் உடலைப் பார்க்க வேண்டும். தோல் ஒவ்வாமை, உண்ணி, ஆசனவாய்ச் சுரப்பிகளில் அடைப்பு, முதுகு வலி எதுவாயினும் நாய் வாலையோ காலையோ விடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் தோல் தொல்லைக்குக் கேட்கவே வேண்டாம். மணிக்குக் கால் விரல்களுக்கிடையே பூஞ்சைத் தொற்று இருந்தது. சிகிச்சைக்குப் பிறகு நக்குவது பாதியாகக் குறைந்தது. இத்தனை நாளும் அரிப்பில் தவித்த பிள்ளையை "கெட்ட பழக்கம்" என்று நாங்கள் அதட்டியிருக்கிறோம். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு உறுத்துகிறது.

சுற்றல் மட்டும் நிற்கவில்லை. ஒரு நோட்டுப்புத்தகத்தில் நேரம், சத்தம், வீட்டில் யார் இருந்தார்கள் என்று குறித்துவைத்தேன். மூன்றே வாரத்தில் விடை கிடைத்தது: இடி, காரங்கூனி ஹாரன், மேல்மாடியில் டிரில் போடும் சத்தம், மின்தூக்கியில் அந்நியரோடு நெருங்கி நின்ற பிறகு வரும் அரை மணி நேரம். காரணமே இல்லாமல் சுற்றினால், உணவைக் காட்டியும் நிறுத்த முடியாவிட்டால், சாப்பாடும் தூக்கமும் கெட்டால் அது வேறு கதை என்று மருத்துவர் விளக்கினார். அப்போது மூளை அந்தச் செயலில் சிக்கிக்கொள்கிறது. சில நாய்களுக்கு இது பிறப்பிலேயே வருவதும் உண்டு. டாபர்மேன் நாய்கள் தம் விலாவையோ போர்வையையோ ஓயாமல் சப்புவதற்கும் ஏழாவது குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவுக்கும் தொடர்பு இருப்பதை 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அப்படிப்பட்ட நாய்களுக்கு ஃபுளூவாக்ஸெடின் போன்ற மருந்து கொடுப்பார்கள். பலன் தெரியவே பல வாரங்கள் ஆகும். "நாய்க்கு மனநோய் மருந்தா?" என்று அம்மா முகம் சுளித்தார். சர்க்கரைக்கு நாம் மாத்திரை போடுவதில்லையா, அம்மா? இப்போதைக்கு மணிக்கு மருந்து தேவைப்படவில்லை. தேவைப்பட்டால் தயங்காமல் கொடுப்பேன்.

இப்போது சமையலறைப் பக்கம் துணி போட்டு மூடிய ஒரு மூலை அவனுக்கென்றே இருக்கிறது. அங்கே போனால் யாரும் தொடக்கூடாது, குழந்தைகளும்தான். மின்தூக்கியில் ஆள் இருந்தால் அடுத்ததற்குக் காத்திருக்கிறோம். இரவு பத்து மணிக்கு மேல் புல்வெளியில் அவன் இஷ்டத்துக்கு மோந்து பார்க்க விடுகிறேன், இழுப்பதில்லை. மழை மேகம் கறுத்தால், முதல் இடிக்கு முன்பே உணவுத் துகள்களைப் பாயில் தூவிவிடுகிறேன். சுற்றத் தொடங்கிய பிறகு அவனுக்கு எதுவும் காதில் விழாது. ஆகவே அதற்கு முன்னால், உதட்டை நக்கும்போதும் தூக்கக் கலக்கம் இல்லாமலே கொட்டாவி விடும்போதும் கவனித்துவிட வேண்டும்.

உறவினரிடம் பேசினேன். காணொளியை நீக்கிவிட்டார். மணி எப்படி இருக்கிறான் என்று இப்போது வாரம் ஒருமுறை விசாரிக்கிறார்.

நேற்று மாலை பெரிய இடி. மணி ஓடிவந்து இரண்டு சுற்றுச் சுற்றினான். மூன்றாவதில் பாதியில் நின்று, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தான். அம்மா தலை நிமிரவில்லை. இடது கையால் பக்கத்திலிருந்த துணிக்கூடையை மட்டும் மெல்லத் தள்ளி இடம் விட்டார். அவன் அங்கே போய்ப் படுத்துக்கொண்டான்.