நாடகாசிரியரைப் படிப்பது என்றால் எதைப் படிப்பது?

தற்கால நாடகாசிரியர் ஒருவரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் நம் மாணவர்கள் பெரும்பாலும் கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, சமூகச் சிக்கல்கள், மொழிநடை என்று இயல் பிரித்து எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த ஆய்வேட்டில் நாடகம் என்று வரும் இடங்களில் எல்லாம் நாவல் என்று மாற்றி எழுதினாலும் எதுவும் கெட்டுப்போகாது. நீலகிரியில் முதுகலைத் தமிழ் மாணவர்களுக்கு இந்திரா பார்த்தசாரதியின் நாடகங்களைப் பாடம் சொல்லிவரும் எனக்கு இது நெடுநாளாக உறுத்துகிறது. ஒரு படைப்பாளியின் மனம் எப்படி வேலை செய்தது என்று அறியப் பேட்டிகளைத் தேடிப் போவதற்கு முன், அவர் கைக்கு வந்த கதை எது, அதில் எதை எடுத்தார், எதை விட்டார், எதைப் புதிதாகச் சேர்த்தார் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

அவருடைய ‘நந்தன் கதை’யைப் போல இதற்கு வாய்ப்பான நாடகம் வேறில்லை. சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் திருநாளைப்போவார் என்னும் நந்தனை ஒற்றை வரியில் வணங்கிச் செல்கிறார். சேக்கிழார் பெரியபுராணத்தில் 37 பாடல்களில் அவருக்கு ஆதனூரைத் தருகிறார், திருப்புன்கூரில் நந்தியை விலகச் செய்கிறார், தில்லையில் இறைவனே கனவில் வந்து தீயில் மூழ்கி வரச் சொல்கிறான். அங்கே நந்தனைத் தடுக்கும் பண்ணையார் எவரும் இல்லை. தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று அவரே தயங்குகிறார். 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார்தான் நிலவுடைமையாளரான வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்து, நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்று சொல்ல வைத்தார்.

இந்த நாற்பது வேலியை வகுப்பில் சொன்னபோது, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பத்திலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருத்தி, “எங்க பாட்டி சொல்லும் சார், கொழுந்து எடை கொறஞ்சா அரைப்பேருதான் போடுவாங்களாம். முடியாத அளவ வச்சுட்டு, முடிக்கலைன்னு ஆள நிறுத்துறது அங்கயும் இருந்திருக்கு” என்றாள். அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. எந்த உரையாசிரியரும் எனக்குச் சொல்லித் தராத விளக்கம் அது. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் பாரதியாரின் வேதியரை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள்.

இந்திரா பார்த்தசாரதி அந்த வேதியரை வைத்துக்கொண்டு அற்புதத்தை எடுத்துவிடுகிறார். தெய்வச் செயல் இருந்த இடத்தில் மனிதச் சூழ்ச்சி வந்து நிற்கிறது. தீயில் இறங்கிய நந்தன் முனிவராக எழுந்து வருவதில்லை, எரிகிறான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டதைப் பின்புலமாகக் கொண்டு ‘குருதிப்புனல்’ எழுதியவரும் இவரே என்பதை நினைவில் வைத்துப் படித்தால், அந்த நாவலில் அணையாத நெருப்பு இந்த நாடகத்தில் தொடர்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இதன் நாடகத் தன்மை வாய்விட்டுப் படித்தபோதுதான் எங்களுக்குப் பிடிபட்டது. மழை கூரைத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், சதி செய்வோராகப் படித்த மாணவர்கள் தாமாகவே நெருங்கி நின்று குரலைத் தாழ்த்தினார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் கேட்கவில்லை என்று சத்தம் போட்டார்கள். நந்தனாகப் படித்தவன் நான்கடி தள்ளி நிற்கிறான். அவன் காதில் விழக்கூடாதது கடைசி பெஞ்சுக்குக் கேட்டாக வேண்டும். பெரியபுராணத்தைக் கேட்பவர் இறைவனின் திருவுள்ளத்தை அறிந்து நிம்மதியாக இருக்கிறார். இங்கே பார்வையாளர் அறிந்துகொள்வது சதிகாரர்களின் உள்ளத்தை. அறிந்தும் நந்தனை எச்சரிக்க வழியில்லாமல் இருக்கையில் அமர்ந்திருக்கிறார். அந்தத் தவிப்பைத்தான் நாடகாசிரியர் கட்டி எழுப்பியிருக்கிறார். மௌன வாசிப்பில் இது வெறும் கதைத் தகவலாகக் கடந்துபோய்விடும்.

அவருடைய ‘ஔரங்கசீப்’ நாடகத்திலும் இதே கேள்விகளைக் கேட்கலாம். வரலாற்றில் நடந்த வாரிசுப் போரை, கடந்தகாலக் கனவில் வாழும் ஷாஜஹானுக்கும் எதிர்காலக் கனவில் வாழும் மூத்த மகன் தாராவுக்கும் நிகழ்காலத்தைப் பிடித்துக்கொள்ளும் ஔரங்கசீப்புக்கும் இடையிலான மோதலாக அவர் மாற்றிக்கொண்ட விதம் தனி ஆய்வுக்கே உரியது. டெல்லியில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர், முகலாயக் கட்டடங்களுக்கு நடுவே வாழ்ந்தவர் என்பதையும் அதில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியை உருவாக்கி நடத்தியவரின் நாடகங்களை, ஒரு முறைகூட எழுந்து நின்று படிக்காமல் ஆய்வேடு சமர்ப்பிக்கும் வழக்கத்தை நாம் நிறுத்த வேண்டும். ஆய்வு நெறியாளர்களாக இருக்கும் நண்பர்களை வேண்டிக் கேட்கிறேன்: பாத்திரப் படைப்பு என்ற இயலை ஏற்றுக்கொள்வதற்கு முன், மூலக்கதைகளோடு ஒப்பிட்ட குறிப்புகளையும், குறைந்தது ஒரு காட்சியையாவது மாணவர்கள் கூடிப் படித்த ஒலிப்பதிவையும் கேட்டு வாங்குங்கள். மேடையோ ஒளியமைப்போ வேண்டாம், ஒரு வகுப்பறையும் நான்கு பிரதிகளும் போதும்.